எருமை இல்லாத எமன்

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரம் வருஷத்துக்கு வருஷம் மாறும். ஒரு வருஷம் விடியற்காலையில் வரும். இன்னொரு வருஷம் எல்லோரும் சாப்பிட்டுப் படுக்கிற வேளையில் வரும். பஞ்சாங்கம் சொல்லும் அந்த நேரத்துக்குள் காரடை வெந்திருக்க வேண்டும், வெண்ணெய் இலையில் இருக்க வேண்டும், மஞ்சள் சரடு கழுத்தில் ஏறியிருக்க வேண்டும். வெல்ல அடை ஒரு தட்டு, உப்பு அடை ஒரு தட்டு. அரிசி மாவும் காராமணியும் தேங்காயும் ஆவியில் வேகும் வாசனைக்கு நடுவே, வீட்டுப் பெண் குழந்தைகளுக்கு ஒரு கதை சொல்லப்படும். அஞ்சு நிமிஷக் கதை.

சாவித்திரி ராஜகுமாரி. கண் தெரியாத அப்பாவோடு காட்டில் வாழும் சத்தியவானைக் கட்டிக்கொள்கிறாள். ஒரே வருஷத்தில் அவன் ஆயுள் முடிந்துவிடும் என்று நாரதர் எச்சரித்தும் கேட்கவில்லை. அந்த நாளும் வருகிறது. எமன் உயிரைக் கட்டி இழுத்துப் போகிறான். இவள் விடாமல் பின்னால் போகிறாள். ‘புருஷன் உயிரைத் தவிர எது வேண்டுமானாலும் கேள்’ என்கிறான். மாமனாருக்குக் கண், போன ராஜ்யம், தன் அப்பாவுக்குப் பிள்ளைகள் என்று வரிசையாக வாங்கிக்கொண்டு, கடைசியில் ‘எனக்கு நூறு பிள்ளை வேண்டும்’ என்கிறாள். எமன் ‘தந்தேன்’ என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொள்கிறான்.

குழந்தைகள் கை தட்டும் இடம் அதுதான். எமனையே ஏமாற்றிய கெட்டிக்காரி!

தமிழர்களுக்கு இந்தக் கதை மேல் எப்போதுமே தனிப் பிரியம். 1941-ல் வந்த ‘சாவித்திரி’ படத்தில் எம்.எஸ்.சுப்புலட்சுமி நாரதராக நடித்தார். ஆண் வேஷம். அந்தப் படத்தில் கிடைத்த பணம்தான் அதே வருஷம் ‘கல்கி’ பத்திரிகை தொடங்க முதலாக உதவியது. ஒரு பத்திரிகைக்கே வரம் கொடுத்த கதை என்று சொல்லலாம்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் இருக்கிறார். தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. முப்பத்தொரு வருஷம் நோன்பு நோற்றவர். அக்கம்பக்கத்துப் பெண் குழந்தைகளைக் கூடத்தில் உட்கார வைத்து, ஏற்ற இறக்கத்தோடு இந்தக் கதையைச் சொல்வார். எமன் பேசும் இடத்தில் குரலைத் தடியாக்குவார். சின்னதுகள் சிரிப்பதற்காகவே அப்படிச் செய்வார்.

முப்பத்திரண்டாவது நோன்பு வரவில்லை. அவருடைய கணவர் நாலு மாசம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் மருமகள் அடை தட்டும்போது டீச்சர் சமையலறைப் பக்கமே போகவில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அவராகவே பின்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கதையை மருமகள்தான் சொன்னாள். கை தட்டும் சத்தம் பின்கட்டு வரை கேட்டது.

பிற்பாடு ஒரு நாள் பேத்தியிடம்தான் அவர் அதைச் சொன்னார். “முப்பத்தொரு வருஷம் நானும்தான் நோற்றேன். சாவித்திரி பின்னாடியே போனா. என்னை ஐ.சி.யூ. கதவிலேயே நிறுத்திட்டாங்க. எமன்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கிடைக்கலையே எனக்கு.”

காலேஜில் படிக்கும் பேத்திக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் அதே ஊரில் சாவித்திரிக்கு இன்னொரு கதை இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கதை அடுப்படியில் பிறந்ததல்ல. மரைன் வீதியில் வளர்ந்தது.

ஸ்ரீஅரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரிக்கு வந்தார். பாரதியார் அதற்கு முன்பே, 1908-ல் வந்துவிட்டார். பிரிட்டிஷ் போலீஸ் கைக்கு எட்டாத பிரெஞ்சு ஊர் இது. இருவரும் பழகினார்கள், சேர்ந்து வேதம் படித்தார்கள். ஒரு சின்ன விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். பாரதியார் மகாபாரதத்திலிருந்து ஒரு பெண்ணை எடுத்தார். 1912-ல் ‘பாஞ்சாலி சபத’த்தின் முதல் பாகம் இந்த ஊரில் இருந்தபடிதான் வந்தது. அந்தப் பாஞ்சாலி வெறும் பாஞ்சாலி அல்ல, அடிமைப்பட்ட பாரத தேவி. அரவிந்தர் அதே மகாபாரதத்திலிருந்து இன்னொரு பெண்ணை எடுத்தார். 1916 வாக்கில் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிய ‘சாவித்திரி’யைத் திரும்பத் திரும்பத் திருத்தி, கடைசி வருஷம் வரை எழுதிக்கொண்டே இருந்தார். வன பர்வத்தில் சில நூறு சுலோகங்களில் முடியும் கதை, அவர் கையில் சுமார் 24,000 வரிகளாக வளர்ந்தது. தலைப்புக்குக் கீழே ‘ஒரு புராணக் கதை, ஒரு குறியீடு’ என்ற பொருளில் அவரே குறிப்பும் போட்டார். ஒரே ஊர், ஒரே இதிகாசம், இரண்டு பெண்கள், இரண்டு பேருமே தங்களைவிடப் பெரிய ஒன்றுக்கு அடையாளம். பள்ளிப் பாடப் புத்தகங்கள் இதை ஏன் சேர்த்துச் சொல்வதில்லை என்பது ஆச்சரியம்தான்.

அரவிந்தருக்குக் கடைசிக் காலத்தில் கண் பார்வை மங்கியது. அவர் சொல்லச் சொல்ல, சீடரான டாக்டர் நிரோத்பரன் எழுதினார். ‘மரணத்தின் புத்தகம்’ என்று ஒரு பகுதி. அதைத் திருத்த வேண்டியது பாக்கி என்று நிரோத்பரன் நினைவூட்டியபோது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். 1950 டிசம்பர் 5 அன்று அவர் காலமானார். இன்றும் அந்தப் பகுதியில் ஒரே ஒரு காண்டம்தான் இருக்கிறது. அதுவும் ‘மூன்றாவது காண்டம்’ என்ற தலைப்போடு. ஒன்றும் இரண்டும் இல்லை.

இந்தக் காவியத்தை ஓவியமாக்கிய கதை பாரிஸில் தொடங்குகிறது.

குஸ்தாவ் மொரோ என்று ஒரு பிரெஞ்சு ஓவியர். 1826-ல் பிறந்து 1898-ல் இறந்தவர். அவர் காலத்தில் பாரிஸில் பலரும் கண்ணால் கண்டதை அப்படியே வரைய வேண்டும் என்றார்கள். தெரு, ரயில், ஆற்றங்கரை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனுஷி. மொரோ அந்தப் பக்கம் போகவில்லை. புராணக் கதைகளையே வரைந்தார். கதையில் என்ன நடந்தது என்பதைவிட, அது மனசுக்குள் என்னவாக இருக்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். 1886-ல் ஒரு கவிஞர் ‘ஃபிகாரோ’ பத்திரிகையில் அறிக்கை வெளியிட்டு இந்தப் போக்குக்கு ‘சிம்பாலிசம்’ என்ற பெயரை நிலைநாட்டினார். தமிழில் குறியீட்டியம் என்கிறார்கள். பெயர் வருவதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே மொரோ அந்த வழியில் நடந்துகொண்டிருந்தார்.

1864-ல் அவர் காட்சிக்கு வைத்த ‘ஈடிபஸும் ஸ்பிங்க்ஸும்’ ஓவியம் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. கிரேக்கக் கதை. பெண் முகமும் சிங்க உடலும் சிறகும் கொண்ட ஸ்பிங்க்ஸ், வழியில் வருகிறவர்களிடம் விடுகதை போடும். பதில் சொல்லாதவன் செத்தான். வேறு ஓவியராக இருந்தால் பெரிய பாறை மேல் அதை உட்கார வைத்து, கீழே ஈடிபஸை நிறுத்தி, பட்டிமன்றம் போல வரைந்திருப்பார். மொரோவின் ஸ்பிங்க்ஸ் பாய்ந்து ஈடிபஸின் மார்பிலேயே தொற்றிக்கொண்டிருக்கிறது. நகம் நெஞ்சில். முகத்துக்கு முகம் ஒரு சாண்கூட இல்லை. இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தபடி நிற்கிறார்கள். கீழே, தோற்றுச் செத்தவர்களின் மிச்சம். அவன் கண்ணைத் திருப்பவில்லை. ஓவியத்தில் நடப்பது மொத்தமே அதுதான்.

சாவைக் கண்ணுக்குக் கண் பார்ப்பது, பேச்சாலேயே அதைத் தாண்டுவது. நம் கதையின் முடிச்சும் இதேதான்.

மொரோவிடம் படித்த மாணவர்களில் மத்தீஸும் ருவோவும் உலகப் புகழ் பெற்றார்கள். அவ்வளவாகப் புகழ் பெறாத இன்னொரு மாணவர் ஆன்ரி மொரிஸே. 1897-ல் அவரை மணந்துகொண்டவர் மிரா அல்ஃபாஸா என்ற பத்தொன்பது வயதுப் பெண். அவரும் பாரிஸில் ஓவியம் படித்தவர்தான். 1903, 1904, 1905 என்று மூன்று வருஷம் பாரிஸின் பெரிய கண்காட்சியில் அவருடைய ஓவியங்கள் இடம் பெற்றன. பிறகு அந்த மண வாழ்க்கை முடிந்தது, வாழ்க்கை வேறு திசையில் போனது. 1914 மார்ச் 29 அன்று முதல் முறை புதுச்சேரிக்கு வந்தார். 1920-ல் திரும்ப வந்தவர் பிறகு இங்கேயே தங்கிவிட்டார். ஊர் அவரை ஸ்ரீ அன்னை என்று அழைக்கிறது.

1961. அன்னைக்கு 83 வயது. அப்போது ஆசிரமத்தில் ஹூதா என்றொரு பெண் இருந்தார். ஆப்பிரிக்காவில் குடியேறிய குஜராத்திக் குடும்பத்தில் பிறந்து, சவிதா என்ற பெயரோடு வந்தவர். ஹூதா என்ற பெயர் அன்னை வைத்தது. அர்ப்பணிக்கப்பட்டவள் என்று பொருள். முப்பது வயதை ஒட்டிய அந்தப் பெண்ணுக்கு அன்னைதான் ஓவியமும் சொல்லிக்கொடுத்தார். இருவரும் சேர்ந்து ‘சாவித்திரி’யை வரைவது என்று தொடங்கினார்கள். அன்னை காவியத்திலிருந்து சில வரிகளைப் படிப்பார். பென்சிலால் கோட்டுருவம் போட்டுக் காட்டுவார். எந்த இடத்தில் எந்த வண்ணம் என்று சொல்வார். ஹூதா அறைக்குப் போய் அதை வரைந்து எடுத்து வருவார். அன்னை பார்த்துச் சொல்லும் திருத்தங்களோடு அது திரும்பப் போகும். இப்படி வருஷக்கணக்கில் சேர்ந்த ஓவியங்கள் 472.

பார்வை மங்கியவர் சொல்ல, வேறொருவர் எழுதிய காவியம். முதியவர் சொல்ல, இன்னொருத்தி வரைந்த ஓவியம். இந்த வேலை எதையும் ஒருவர் தனியாகச் செய்து முடிக்கவில்லை.

இந்த ஓவியங்களைப் பார்க்க ஆரோவில்லில் உள்ள சாவித்திரி பவனுக்குப் போக வேண்டும். பேத்தி ஒரு நாள் பாட்டியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டாள். கொட்டக்குப்பம் தாண்டி ஈ.சி.ஆரில் போய், பெரிய முதலியார்சாவடியில் இடது பக்கம் திரும்பினால் ஏற்றம். செம்மண். டீச்சருக்கு முதலில் அந்த யோசனையே பிடிக்கவில்லை. “படம் பார்க்க அவ்வளவு தூரமா? காலண்டர்ல பார்க்காத சாவித்திரியா?” என்றுதான் கிளம்பினார்.

உள்ளே போனதும் அவர் தேடியது எமனை. எருமை, பாசக்கயிறு, முறுக்கு மீசை. கூத்திலும் சினிமாவிலும் பார்த்துப் பழகிய கண் அப்படித்தான் தேடும். அரவிந்தரின் காவியத்தில் எருமையும் கிடையாது, மீசையும் கிடையாது. மரணம் அங்கே எல்லை தெரியாத ஓர் இருட்டு. அதற்கு ஒரு குரல் மட்டும் உண்டு.

“என்னம்மா இது, எல்லாம் ஒரே நீலமா இருக்கு? மூக்கு முழி ஒண்ணும் தெரியலையே” என்றார் டீச்சர்.

நியாயமான குறைதான். ரவிவர்மா பாணியில் பட்டுப் புடவை மடிப்பும் மூக்குத்தி மினுக்கமும் எதிர்பார்த்துப் போகிறவருக்கு இந்த ஓவியங்கள் ஏமாற்றம் தரும். நீலம், ஊதா, வெண்மை, பொன் மஞ்சள் என்று வண்ணங்கள் ஒன்றில் ஒன்று கரைந்து நிற்கும். மனித உருவங்கள் மெலிந்தும், முகங்கள் விவரம் குறைந்தும் இருக்கும். உள்ளதைச் சொன்னால், 472-ம் ஒரே தரமில்லை. சிலது வாழ்த்து அட்டை போல இனிப்பாக நின்றுவிடுகின்றன. மொரோ தன் ஓவியங்களில் நகையும் பட்டும் தூணும் சிற்பமுமாக அடுக்கிக்கொண்டே போவார். இங்கே நேர் எதிர்: எதையெல்லாம் எடுக்க முடியுமோ எடுத்துவிட்டார்கள். பாதை வேறு, தேடியது ஒன்று. கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணுக்குக் காட்டுவது எப்படி? தனியாக ஓர் ஓவியத்தைப் பார்ப்பதைவிட வரிசையாக நடந்துகொண்டே பார்த்தால்தான் இவை பேசத் தொடங்குகின்றன. ஒவ்வொன்றும் காவியத்தின் சில வரிகளுக்காக வரைந்தது. வரியைப் படி, ஓவியத்தைப் பார், அடுத்ததற்குப் போ.

பேத்தி வரிகளைப் படித்து, தனக்குத் தெரிந்த தமிழில் பாட்டிக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். மரணமும் சாவித்திரியும் பேசும் இடம் வந்தபோது டீச்சரின் நடை மெதுவானது.

ஏனென்றால் இந்த எமன் ஏமாறுகிற ஆள் இல்லை. அதட்டுவதோடும் நிற்பதில்லை. புத்தி சொல்கிறான். பிறந்தது எல்லாம் போகத்தான் போகும், அன்பு என்று நீ சொல்வது உடம்போடு முடிகிற சமாச்சாரம், உனக்கு இன்னும் வாழ்க்கை இருக்கிறது, திரும்பிப் போ, மறந்துவிடு என்ற பொருளில் பக்கம் பக்கமாகப் பேசுகிறான். எல்லாமே பெரிய மனுஷர்கள் பேசுகிற மாதிரி சரியான பேச்சு. மறுத்துப் பேச வாய் வராத பேச்சு.

“இதையெல்லாம் நான் கேட்டிருக்கேன்” என்றார் டீச்சர்.

“எங்கே பாட்டி?”

“பதிமூணு நாளும். துக்கம் கேட்க வந்தவங்க எல்லாரும் இதைத்தானே சொன்னாங்க? ஆனது ஆச்சு, மனசைத் தேத்திக்கோ, வயசானா எல்லாருக்கும் உள்ளதுதானேன்னு. அவங்க நல்லவங்கதான். ஆனா சாவித்திரி இதுக்குத் தலையாட்டலை பாரு.”

அஞ்சு நிமிஷக் கதையில் சாவித்திரி வாய்ஜாலக்காரி. இந்தக் காவியத்தில் அவளிடம் தந்திரம் எதுவும் இல்லை. சரியான பேச்சுக்கு நடுவே முகத்தைத் திருப்பாமல் நிற்கிறாள், அவ்வளவுதான். ‘போய்விட்டார், அத்தோடு முடிந்தது’ என்பதை ஒப்புக்கொள்ள மறுக்கிறாள். ஓவியர்கள் அவள் முகத்தில் மூக்கையும் முழியையும் தெளிவாக வரையாமல் விட்டதில் ஒரு லாபம் இருக்கிறது. பார்க்கிறவர் தன் முகத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம். குறியீடு என்ற பெரிய சொல்லுக்கு அடுப்படித் தமிழில் அர்த்தம் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

காவியத்தில் சத்தியவான் திரும்பி வருகிறான். டீச்சரின் கணவர் வரவில்லை. அந்த வித்தியாசத்தை எந்த ஓவியமும் அழிக்காது. டீச்சரும் அதை மறைத்துப் பேசுகிறவர் இல்லை. “அவளுக்குக் கிடைச்சுது, எனக்குக் கிடைக்கலை” என்று கூடத்தில் நின்றபடியே சொன்னார். ஆனால் நோன்பில் என்ன குறை வைத்தோம் என்று ராத்திரி ராத்திரியாக அவர் தேடிக்கொண்டிருந்த கேள்வியை அன்றைக்கு அவர் கேட்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நாலு ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பற்றிப் பேசினார். நர்ஸ் வீட்டுக்குப் போகச் சொல்லியும் போகாததைப் பற்றிப் பேசினார். பேத்திக்கு அது புதுச் செய்தி.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் செய்த காரியம், பரணிலிருந்து மகாபாரதத்தை இறக்கச் சொன்னது. ம.வீ.ராமானுஜாசாரியார் வெளியிட்ட கும்பகோணம் பதிப்பு. கணவர் வாங்கி வைத்தது. டீச்சர் அதுவரை திறந்ததில்லை. வன பர்வத்தில், மார்க்கண்டேய முனிவர் தருமருக்குச் சொல்லும் கதையாக வருகிறது சாவித்திரியின் கதை.

மூலத்தைப் படித்தால், அஞ்சு நிமிஷக் கதையில் எவ்வளவு விட்டுப் போயிருக்கிறது என்பது தெரிகிறது. அங்கேயும் சாவித்திரி எமனை ஏமாற்றவில்லை. ஏழு அடி சேர்ந்து நடந்தவர்கள் நண்பர்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள், நாமும் நடந்துவிட்டோமே என்று அவனோடு பேச்சைத் தொடங்குகிறாள். கல்யாணத்தில் வைக்கும் அதே ஏழு அடி. எமன் அவளுடைய ஒவ்வொரு பேச்சுக்கும் மகிழ்ந்துபோய்த்தான் வரம் தருகிறான். சிவப்பு உடுத்து, கையில் பாசத்தோடு வந்தவன், கட்டைவிரல் அளவு உயிரைக் கட்டி எடுத்தவன், கடைசியில் தானே அவிழ்த்து விடுகிறான்.

அப்புறம் ஒரு காட்சி. நோன்புக் கதையில் யாரும் சொல்லாத காட்சி. டீச்சர் அதை இரண்டு தரம் படித்தார். மருமகளைக் கூப்பிட்டு, அடுத்த பங்குனிக்குக் குழந்தைகளிடம் இதையும் சேர்த்துச் சொல் என்றார். கொஞ்சம் பொறுத்து, “இல்லை, நானே சொல்றேன்” என்றார்.

சத்தியவான் கண் விழிக்கும்போது இருட்டிவிட்டது. எவ்வளவு நேரம் தூங்கிவிட்டேன் என்று கேட்கிறான். அப்பா அம்மா தேடுவார்களே என்று பதறுகிறான். அவனுக்கு நடக்கத் தெம்பில்லை. காலையில் இருவரும் பறித்த பழக்கூடை பக்கத்தில் இருக்கிறது. அவன் அதையே பார்க்கிறான். பழத்தை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறாள் சாவித்திரி. கூடையை மரக்கிளையில் மாட்டுகிறாள். கோடாலியைத் தான் எடுத்துக்கொள்கிறாள். அவன் கையைத் தன் தோள்மேல் போட்டு, அணைத்துப் பிடித்தபடி வீட்டுப் பக்கம் மெல்ல நடக்கிறாள்.